ஆறு கிலோ ஊறுகாய்

நான் குடியிருப்பது மாடிப் போர்ஷன். கீழே, ஊறுகாய்க் கடை வைத்திருக்கிற ஜாடிக்காரர் வீடு. இரண்டு வீட்டுக்கும் மொட்டை மாடி பொது. பொது என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். வருஷத்தில் பத்து மாதம் அங்கே அவருடைய ஊறுகாய் ஜாடிகள் வெயில் காயும். என் துணிகள் ஓரமாக, ஒண்ட வந்தவை மாதிரி, ஒரே ஒரு கொடியில் தொங்கும். நான் எந்தச் சோப்புப் போட்டாலும் கடைசியில் எலுமிச்சை வாசனைதான். பார்சல் ஆபீஸில் பக்கத்துக் கவுண்ட்டர்க்காரி, "உன் வீட்டுல துணி துவைக்கிறீங்களா, ஊறவைக்கிறீங்களா?" என்று கேட்டே விட்டாள்.

அந்த ஆபீஸில் எடை போட்டு, சீட்டு ஒட்டி, கட்டி அனுப்புவது என் வேலை. அதனால் கீழ் வீட்டில் என்னைப் 'பார்சல்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஜாடிக்காரரின் மனைவியை நான் அக்கா என்பேன். அவரை அண்ணே என்று கூப்பிட்டாலும், மாடி விஷயத்தில் எங்களுக்குள் ஏழு வருஷமாக ஏழாம் பொருத்தம்.

ஜாடிக்காரரிடம் பேச உட்கார்ந்தால் பத்தாவது நிமிஷம் பேச்சு தம்பியில் வந்து நிற்கும். தம்பி வெளிநாட்டில் குளிர்பதனக் கிடங்கில் மெக்கானிக். போய் ஒன்பது வருஷம். அந்தப் பக்கம் யார் போனாலும் ஜாடிக்காரர் தேடிப் பிடித்து ஒரு கிலோ எலுமிச்சை ஊறுகாயைத் தலையில் கட்டி அனுப்புவார். அது போய்ச் சேர்ந்த வாரத்தில் தம்பி போன் பண்ணுவான். அந்தப் போனுக்காக மனுஷன் கடையைப் பாதி மூடி வைத்துக்கொண்டு காத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

"அண்ணே, போன தடவைய விட உப்பு கொஞ்சம் தூக்கல்."

"தோல் இன்னும் ரெண்டு நாள் ஊறியிருக்கலாம்ணே."

"காரம் நாக்குல நிக்காம நேரா தொண்டைக்குப் போயிடுது."

அவன் என்ன சொல்கிறானோ அதன்படி அடுத்த ஜாடி மாறும். அப்படி மாற்றிய சரக்கைக் கடையில் தனியாக வைப்பார். 'தம்பி பக்குவம்' என்றால்தான் தெருவில் எல்லோருக்கும் தெரியும். முதலில் தீர்ந்துபோவதும் அதுதான். "அவன் நாக்கு தராசு" என்பார், தானே பெற்று வளர்த்தவர் மாதிரி. ஓரளவு அது உண்மையும்கூட. அப்பா போனபோது தம்பிக்குப் பன்னிரண்டு வயசு.

அந்தத் தம்பி திடீரென்று டிக்கெட் எடுத்து அனுப்பினான். "வந்து ஒரு மாசம் இருந்துட்டுப் போங்கண்ணே." அவ்வளவுதான் சொன்னான். ஜாடிக்காரருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பயணத்துக்கு ஐம்பது நாள் இருந்தது. ஊறுகாய் ஊற நாற்பது நாள் வேண்டும். அன்றே சந்தைக்குப் போய்விட்டார்.

ஆறு கிலோ. ஒவ்வொரு எலுமிச்சையையும் காதுகிட்டே வைத்துக் கேட்காத குறையாகப் பொறுக்கி எடுத்தார். கழுவி, துடைத்து, நிழலில் துணி விரித்து ஈரம் போக உலர்த்தி, எட்டாக நறுக்கினார். கல்லுப்பை வாணலியில் போட்டுச் சூடு காட்டி ஆறவைத்தார். அந்த நேரத்தில் ஈரக்கையோடு யாரும் சமையலறை வாசற்படியைக்கூட மிதிக்கக்கூடாது. உப்பை அவர் நிறுத்துப் போடமாட்டார், கைப்பிடிதான் கணக்கு. ஜாடியில் அடுக்கி, வாயைத் துணியால் கட்டி, மாடிக்கு ஏற்றினார். முதல் பத்து நாள் கரண்டி படக்கூடாது. ஊறி முடிகிற வரை தினமும் ஒரு தடவை ஜாடியைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு குலுக்க வேண்டும். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் நின்று குலுக்குவதைப் பார்த்தால், அழுகிற குழந்தையைச் சமாதானப்படுத்துகிறார் என்று நினைத்துக்கொள்வேன். என் கொடியைச் சுவரோரமாக இன்னும் ஓர் அடி தள்ளிவிட்டிருந்தார். நானும் சண்டைக்குப் போகவில்லை, ஊருக்குப் போகிற மனுஷன்.

ஒன்பதாம் நாள் எனக்கு லீவு. கீழே அக்காவுக்குக் கடைச் சரக்குக்கு எலுமிச்சை நறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. அக்காவின் கை முழுக்கச் சாறு. "அந்த ஸ்பீக்கரப் போடு" என்றாள். போட்டேன்.

தம்பியின் மனைவி. அக்காவுக்கு ஓரகத்தி.

"அக்கா, மாமா பக்கத்துல இருக்காரா?"

"மாடியில ஜாடியோட கொஞ்சிக்கிட்டு இருக்காரு. இங்க பார்சல்தான் இருக்கா. சொல்லு."

"ஊறுகாய் கொண்டுவர வேணாம்னு மாமாகிட்ட எப்படியாவது சொல்லிடுங்கக்கா."

அக்கா சிரித்தாள். "நல்லா சொன்ன போ. அது இல்லாம அவரு ஃபிளைட்டுல ஏறுவாராக்கும்!"

அந்தப் பக்கம் சிரிப்பு வரவில்லை.  அப்புறம் அவள் சொன்னாள். தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் பாதிக்கு மேல் பழுது. உப்பைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லி மூன்று வருஷம் ஆகிறது.

"மூணு வருஷமா? அப்போ நாங்க அனுப்புனதெல்லாம்?"

"பக்கத்து வீட்டுல கிரேன் ஓட்டுறவர் ஒருத்தர் இருக்காருக்கா. அவருக்குக் கொடுத்துடுவோம். அவர் சாப்பிட்டுப் பாத்து என்ன சொல்றாரோ, அதைத்தான் இவர் போன்ல மாமாகிட்ட சொல்வாரு."

அக்கா கையிலிருந்த கத்தியைப் பலகைமேல் வைத்தாள்.

"மாமா நேர்ல வந்து, எதிர்ல உக்காந்து தட்டுல வச்சா இவர் சாப்பிட்டுடுவாருக்கா. வேணாம்னு மாமாகிட்ட இவர் ஒருநாளும் சொல்லமாட்டாரு. வீட்டுல சமைக்கிறத சாப்பிட்டாலாவது தேவல. உப்பில்லாம இருக்குன்னு நாலு வாய்க்கு மேல இறங்கறதில்ல. தட்ட நகத்தி வச்சிட்டு எந்திரிச்சிடறாரு. ஆள் பாதியாயிட்டாரு. இப்படியே போனா தாங்காதுன்னு டாக்டர் திட்டறாரு." அவள் குரல் உடைந்தது. "நான் சொன்னதா காட்டிக்காதீங்கக்கா. அண்ணனப் பாக்கணும்னு மட்டும்தான் சொல்லிட்டிருக்காரு."

போனை வைத்தேன். மாடியிலிருந்து ஜாடிகளை இடம் மாற்றி வைக்கிற சத்தம் கேட்டது.  அந்தத் தம்பியை நான் போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் ஏழு வருஷமாக அவன் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்கும் அவன் சொந்தம் மாதிரி ஆகியிருந்தான்.

"எப்படிச் சொல்றது பார்சல்?" என்றாள் அக்கா.

"நேரா சொல்லிட வேண்டியதுதான்."

"நீ சொல்றியா?"

நான் எலுமிச்சையைப் பார்த்துக்கொண்டேன்.

பத்து நாள் அவளும் மென்று விழுங்கினாள், நானும் மென்று விழுங்கினேன். நடுவில் என் தொழிலை வைத்து ஒரு பொய் சொல்லிப் பார்த்தேன்.

"அண்ணே, இப்பல்லாம் எண்ணெய்ப் பண்டம் ஃபிளைட்டுல ஏத்த விடறதில்லையாம். ஆபீஸ்ல சுற்றறிக்கை வந்திருக்கு."

"அப்படியா? அப்போ எண்ணெய் ஊத்தாமலே கொண்டுபோறேன். அங்க போய் காய்ச்சி ஊத்திக்கலாம்."

"இல்லண்ணே, ஜாடியே கூடாதாம்."

"ஜாடி எதுக்கு? பிளாஸ்டிக் டப்பாதான். நீயே ஏழு சுத்து சுத்திக் கொடுத்துடு. உன் கட்டுதான் பிரிக்கவே வராதே, போன தடவ கத்தியில்லாம அவன் திண்டாடினானாம்."

"எடை கூடிடும்ணே..."

"ரெண்டு சட்டையக் கொறச்சுக்கறேன். அங்க என்னை யாரு பொண்ணு பாக்கவா வரப்போறாங்க?"

இப்படிப்பட்டவரிடம் என்னதான் சொல்வது? நான் சொன்ன பொய்க்கெல்லாம் நன்றி சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

பத்தொன்பதாம் நாள் மதியம் மழை வந்துவிட்டது. சொல்லாமல் கொள்ளாமல் மேகம் திரண்டு, முதல் துளி விழுந்தபோது மூன்று பேரும் மாடிக்கு ஓடினோம். ஒரு துளி உள்ளே போனாலும் மொத்த ஜாடியும் பாழ். அவர் இரண்டு, அக்கா ஒன்று, நான் ஒன்று என்று தூக்கிக்கொண்டு என் வீட்டுக்குள்ளேயே கொண்டுபோய் வைத்தோம். என் துணிகள் எல்லாம் நனைந்தன. அதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை, எனக்கே இல்லை.

தலை சொட்டச் சொட்ட உட்கார்ந்து அவர் ஒவ்வொரு ஜாடியாகத் துணியைப் பிரித்துப் பார்த்தார். காய்ந்த துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு துண்டை எடுத்து நகத்தால் அழுத்தினார். நகம் பாதிதான் இறங்கியது.

"தப்பிச்சுது. இன்னும் இருபது நாள். அவன் சாப்பிடறப்போ தோல் வெண்ணெயா இருக்கும்" என்றார்.

அக்கா சுவரைப் பார்த்தபடி சொன்னாள். "அவன் சாப்பிடமாட்டான்."

"ஏன்?"

"சாப்பிடக்கூடாது. மூணு வருஷமா சாப்பிடல."

ஆரம்பித்ததும் அவளால் நிறுத்த முடியவில்லை. ஓரகத்தி சொன்னதை எல்லாம் ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள். கிரேன் ஓட்டுகிறவரையும் விடவில்லை. நான் துண்டை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை. முகம் செத்துப்போயிருந்தது.

முதலில் அவர் கேட்டது இதுதான். "அப்போ எனக்குப் பக்குவம் சொன்னது யாரு?"

"அதான் சொன்னேனே, அந்த கிரேன்காரரு."

"கிரேன்காரன் சொல்லியா நான் உப்பக் கொறச்சேன்? கிரேன்காரன் சொல்லியா ரெண்டு நாள் கூட ஊறவச்சேன்?" எழுந்தார். உட்கார்ந்தார். "தெருவுல பூரா தம்பி பக்குவம், தம்பி பக்குவம்னு வித்தேனே, அது எவனோட பக்குவம்? என்கிட்ட சொல்லியிருந்தா நான் என்ன, அவன் வாயில உப்ப அள்ளித் திணிச்சிருப்பேனா?"

அக்கா அவர் பக்கம் திரும்பினாள். அவளை அவ்வளவு கோபமாக நான் பார்த்ததில்லை. அது கோபம்தானா என்றும் தெரியவில்லை.

"திணிச்சிருக்க மாட்டீங்க. அனுப்பறத நிறுத்தியிருப்பீங்க. அப்புறம் போன்ல ரெண்டு பேரும் என்ன பேசுவீங்க? சொல்லுங்க. அவன் போன் பண்ணா உப்பு, காரம், தோலு. அத விட்டா உங்களுக்குள்ள வேற ஒரு வார்த்தை உண்டா? நல்லாயிருக்கியான்னு ஒரு நாள் கேட்டிருக்கீங்களா? அவன்தான் கேட்டிருக்கானா? ஊறுகாய் போச்சுன்னா உங்க பேச்சும் போயிடும்னு அவனுக்குத் தெரியும். அதான் ஊரான் நாக்க இரவல் வாங்கிப் பேசியிருக்கான்."

மழை விட்டுவிட்டது. அவர் அப்போதுதான் என் கையிலிருந்து துண்டை வாங்கினார். தலையைத் துவட்டாமல் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ரொம்ப நேரம் முகத்திலேயே வைத்திருந்தார். பிறகு ஜாடிகளைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனார். ஈரத் தரையில் பலகை போட்டு, ஒவ்வொன்றாக வைத்துக் குலுக்கினார். என்ன ஆனாலும் அன்றைய குலுக்கல் பாக்கி இருந்ததே.

மறுநாளிலிருந்து புது வீம்பு. போகமாட்டாராம்.

"வெறுங்கையோட போய் அவன் வாசல்ல நிக்கவா? ஒம்போது வருஷம் கழிச்சுப் போறவன் கைய வீசிக்கிட்டா போவான்?"

"பழம் வாங்கிட்டுப் போங்க. பிஸ்கட் வாங்கிட்டுப் போங்க."

"அது அங்க கிடைக்காதா? நான் எதுக்கு?"

அந்த 'நான் எதுக்கு' என்பதைக் கேட்டபோது மாடியில் என் பங்கையெல்லாம் அவருக்கே எழுதிக் கொடுத்துவிடலாம் போலிருந்தது. எழுதிக் கொடுக்கவில்லை, அது வேறு விஷயம்.

பிறகு யாருக்கும் சொல்லாமல் ஒரு வேலை செய்தார். உப்பே போடாமல், சாறு மட்டும் பிழிந்து, வினிகர் விட்டு, மிளகாய் தூக்கலாகச் சேர்த்து, சின்ன பாட்டிலில் பத்துத் துண்டு எலுமிச்சை ஊறவைத்தார். பெரிய ஜாடிகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்ததை என் துணி எடுக்கப் போனபோது நான்தான் பார்த்தேன். நாலாம் நாள் மேலே பஞ்சு மாதிரி வெள்ளையாகப் பூத்துவிட்டது. வினிகரைக் கூட்டி மறுபடி போட்டார். அது பூக்கவில்லை, ஆனால் வாயில் வைத்தால் கண்ணிலிருந்து தண்ணீர் வரும். எனக்கு ஒரு துண்டு கொடுத்தார்.

"எப்படி இருக்கு பார்சல்? உள்ளதச் சொல்லு."

"தரை துடைக்கலாம்ணே."

அவர் சிரித்தார். அந்த வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தார். பாட்டிலைக் கவிழ்த்துக் கழுவி வைத்துவிட்டு, மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"முப்பது வருஷமா ஒரே வேலைதான் தெரியும் எனக்கு. அந்த ஒண்ணுதான் அவனுக்கு விஷமாப் போச்சு. என்ன பொழப்பு பாரு" என்றார்.

"அவர் உங்களத்தானேண்ணே கூப்பிட்டாரு? ஊறுகாய் கொண்டுவான்னு ஒரு வார்த்தை சொல்லலியே" என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. வாயில் வந்தது, சொன்னேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

பயணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்தார். எடை போட வேண்டுமாம். ஆபீஸ் தராசைத்தான் வீட்டுக்குக் கொண்டுவர முடியாதே, கையால் பிடித்துத் தொங்கவிடுகிற சின்னத் தராசு என்னிடம் உண்டு. மாட்டித் தூக்கினேன். பதினொரு கிலோ. வெளிநாடு போகிற பெட்டி இவ்வளவு லேசாக இருந்து என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை. உள்ளே சட்டைகள், ஒரு கம்பளி, அக்கா தைத்த இரண்டு தலையணை உறை, ஒரு டப்பா.

"டப்பாவுல என்னண்ணே?"

"ரெண்டு கிலோ. கிரேன்காரருக்கு." மூக்கைச் சுளித்துக்கொண்டார். "யாரா இருந்தா என்ன, நல்ல நாக்கு. தோல் ரெண்டு நாள் கூட ஊறணும்னு எவனும் கண்டுபிடிக்கமாட்டான். நல்லா சுத்திக் கொடு."

ஏழு சுற்று சுற்றிக் கொடுத்தேன். மீதி நாலு கிலோவைக் கடையில் வைக்கவில்லை. ஒரு கிலோ எனக்கு வந்தது. வாடகை வீட்டில் ஏழு வருஷம் இருந்ததற்கு முதல் தடவையாக.

அவர் போன பிறகு மாடி காலியாகக் கிடந்தது. என் துணிகளை நட்டநடுவில் கொடி கட்டிக் காயப்போட்டேன். ஏனோ அதில் ஒரு சந்தோஷமும் இல்லை. போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று ஒரு வரி அனுப்பியிருந்தார். இரண்டு நாள் வேறு பேச்சில்லை. அக்கா போனைக் கையில் வைத்துக்கொண்டே சமைத்தாள், கையில் வைத்துக்கொண்டே தூங்கினாள்.

"அந்த மனுஷனுக்கு உப்பு கொஞ்சம் கொறஞ்சாலே தட்டு பறக்கும். அங்க போய் என்ன கூத்து பண்றாரோ. சாப்பாட்டுல குறை சொல்லி அந்தப் பொண்ண அழவைக்காம இருந்தா சரி" என்று என்னிடம் புலம்பினாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம், நான் வேலை முடிந்து வந்து கீழே உட்கார்ந்திருந்தபோது வீடியோ கால் வந்தது. ஓரகத்தி. அங்கே மதியச் சாப்பாட்டு நேரம்.  உதட்டில் விரல் வைத்துக் காட்டிவிட்டு, போனை அலமாரியில் எதன்மேலோ சாய்த்து வைத்தாள்.

சின்ன சமையலறை. ஜன்னலோரம் ஒரு மேஜை. எதிரெதிரே இரண்டு பேர். தம்பியை எனக்கு அடையாளமே தெரியவில்லை. போட்டோவில் பார்த்தவனுக்குச் சட்டை உடம்பைப் பிடித்த மாதிரி இருக்கும். இவனுக்குச் சட்டை தோளில் தொங்கியது. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மேஜைமேல் சோறும், வேகவைத்த காயும், ஓரமாக மூடி போட்ட ஒரு கிண்ணமும் இருந்தன.

"மாமா, அது உங்களுக்குன்னு தனியா உப்பு போட்டு வச்சது" என்றாள் ஓரகத்தி.

"அது அங்கயே இருக்கட்டும்மா."

"மூணு நாளா இதத்தானே சொல்றீங்க அண்ணே" என்றான் தம்பி. "உங்களுக்கு இறங்காது. எடுத்துக்குங்க. நான் ஒண்ணும் நினைச்சுக்கமாட்டேன்."

"எனக்கு இறங்கும், இறங்காதுன்னு நீ என்ன கண்ட? அந்தக் காய இப்படித் தள்ளு."

ஜாடிக்காரர் சோற்றைப் பிசைந்தார். பெரிய உருண்டையாக வாயில் போட்டார். மென்றார். எனக்கு அவரைத் தெரியும். அந்த வாயை அவர் விழுங்கப் பட்ட பாட்டை இவ்வளவு தூரத்திலிருந்தும் என்னால் பார்க்க முடிந்தது. விழுங்கிவிட்டு அடுத்த வாய் எடுத்தார். நடுவில் பேசவும் செய்தார்.

"ராத்திரி தூக்கம் வருதாடா?"

"ம்."

"பொய் சொல்லாத. நடக்கற சத்தம் கேட்டுது."

தம்பி ஒரு பருக்கையைத் தட்டின் ஓரத்துக்கு நகர்த்தினான். "பயமா இருக்குண்ணே" என்றான்.

"தெரியும்டா. எனக்கும் பயமாத்தான் இருக்கு. நாளைக்கு டாக்டர்கிட்ட நானும் வரேன். என்ன சொல்றாருன்னு எனக்குப் புரியற மாதிரி நீ சொல்லு. இப்ப சாப்பிடு."

ஏழு வருஷத்தில் உப்பும் காரமும் இல்லாமல் அவர்கள் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அக்காவின் கண்ணிலிருந்து தாரை தாரையாக வந்துகொண்டிருந்தது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை அவளுக்கு.

ஜாடிக்காரர் தட்டை வழித்து முடித்தார். ஓரகத்தி பக்கம் தட்டை நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் வைம்மா."

அவள் வைத்தாள். அவர் மறுபடி பிசைந்து, நிதானமாக, அவசரமே இல்லாமல் சாப்பிட்டார். தம்பி அண்ணனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தன் தட்டைப் பார்த்தான். குனிந்து, இருந்ததை மெதுவாகச் சாப்பிட்டு முடித்தான். கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு சற்று உட்கார்ந்திருந்தான்.

"எனக்கும் ஒரு கரண்டி" என்றான்.

ஓரகத்தி கரண்டியை எடுத்தாள். அது பாத்திரத்தில் இரண்டு தடவை இடித்தது. சோற்றை வைத்துவிட்டு, வேறு எதையோ எடுக்க வருகிறவள் மாதிரி அலமாரிப் பக்கம் வந்தாள். போனுக்கு மிக அருகில் குனிந்து, அவர்களுக்குக் கேட்காத குரலில், "அக்கா, இவர் மறுசோறு கேட்டு ரெண்டு வருஷம் ஆகுது" என்றாள்.